இண்டெக்ஸ் ஃபண்ட் பிறந்த கதை

பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றிய லாரிகள் புளியறை செக்போஸ்ட்டைத் தாண்டி, ஆரியங்காவு வழியாகக் கேரளம் போகின்றன. வட்டிக்குக் கடன் வாங்கி, லாரி முழுக்கத் தக்காளி மட்டும் ஏற்றும் வியாபாரிக்கு விலை ஏறினால் கொள்ளை லாபம். சரிந்தால் முதலே போய்விடும். பல காய்களைக் கலந்து ஏற்றுபவருக்குத் தக்காளி கைவிட்டாலும் முருங்கையும் சின்ன வெங்காயமும் கைகொடுக்கும். பங்குச் சந்தையில் இந்த இரண்டு வழிகளும் 46 ஆண்டு இடைவெளியில் ஃபண்டுகளாகப் பிறந்தன.

மூத்தது, ஒரு சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கும் இண்டெக்ஸ் ஃபண்ட். சந்தையின் சராசரியைத் தொடர்ந்து முந்தும் நிதி மேலாளர்கள் உண்டென்றால் ஆதாரம் காட்டுங்கள் என்று 1974-ல் பொருளியல் அறிஞர் பால் சாமுவேல்சன் சவால் விட்டார். அதே ஆண்டு வான்கார்டு நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் போகிளின் கணக்கு எளிமையானது: முதலீட்டாளர்கள் எல்லோருக்கும் சேர்த்துக் கிடைப்பது சந்தை தரும் லாபம்தான். அதிலிருந்து கட்டணம் கழிகிறது. கட்டணத்தைக் குறைப்பவர் பெரும்பாலோரை முந்திவிடுவார்.

1976 ஆகஸ்டில் அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனங்களின் குறியீட்டைப் பின்பற்றும் ஃபண்டை அவர் தொடங்கினார். எதிர்பார்த்தது 15 கோடி டாலர், வந்தது 1.13 கோடிதான். 500 பங்குகளையும் வாங்க அது போதாமல், சுமார் 280 பங்குகளோடு ஆரம்பித்தார். ‘போகிளின் முட்டாள்தனம்’ என்று கேலி செய்தார்கள். அவர் பின்வாங்கவில்லை.

இந்தியாவில் நிஃப்டி 50 குறியீடு 1996 ஏப்ரலில் வந்தது. அதைப் பின்பற்றும் ‘நிஃப்டி பீஸ்’ 2002 ஜனவரியில் சந்தைக்கு வந்தது. இதிலும் இறக்கம் உண்டு: 2008-ல் நிஃப்டி பாதிக்கு மேல் சரிந்தது. ஆனால் குறியீடு தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். மோசடி அம்பலமானதும் 2009 ஜனவரியில் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிஃப்டியிலிருந்து வெளியே போனது. அந்த இடத்துக்கு வேறொரு நிறுவனம் வந்தது. சத்யத்தை மட்டும் வைத்திருந்தவருக்கு அந்த வழி இல்லை.

இளையது, ஒரே பங்கின் அன்றாட ஏற்ற இறக்கத்தைப் பெருக்கித் தரும் ஃபண்ட். 2022 ஜூலை 14 அன்று ஏஎக்ஸ்எஸ் நிறுவனம் நைக்கி, ஃபைசர் போன்ற பங்குகளின் மேல் இப்படிப்பட்டவற்றை அமெரிக்காவில் முதன்முதலாகக் கொண்டுவந்தது. ‘அன்றாடம்’ என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. 100 ரூபாய்ப் பங்கு ஒரு நாள் 10 சதவீதம் இறங்கி 90 ஆகிறது, மறுநாள் 11.11 சதவீதம் ஏறி மீண்டும் 100. இரட்டிப்பு ஃபண்டிலோ 100 ரூபாய் 80 ஆகி, மறுநாள் 97.78-க்குத்தான் வரும். இதுவே பத்து முறை நடந்தால் பங்கு அதே 100-ல் நிற்கும். ஃபண்டில் 80 ரூபாய்கூட முழுசாக மிஞ்சாது.

இந்தியாவில் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதிகள் மியூச்சுவல் ஃபண்டில் இதற்கு இடம் தரவில்லை. பரந்த குறியீட்டைப் பின்பற்றும் ஃபண்டில்கூட ஒரே பங்கு 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆனால் லாபத்தைப் பெருக்கும் அதே ஆசை, சிறு தொகையில் பெரிய பேரம் கட்டும் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வழியாக நம் கைபேசிக்கே வந்துவிட்டது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணம் இழந்தார்கள் என்கிறது செபியின் ஆய்வு. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்.

எந்தப் பொருளும் எதற்காகப் பிறந்தது என்று பார்த்து வாங்க வேண்டும். ஒரு நாள் கணக்குக்காகப் பிறந்ததை நம்பி, மகளின் படிப்புக்கு இருபது ஆண்டு சேர்க்கும் பணத்தைப் போடாதீர்கள்.