ஒன்பது இலக்கங்களும் ஒரு வெற்றிடமும்

எண்களுக்கெனத் தனிக் குறிகள் பரவுவதற்கு முன்னர், அரபுகள் தம் எழுத்துகளையே எண்களாகவும் வழங்கினர். இதற்கு அப்ஜத் முறை என்று பெயர். அலிஃப் முதல் ஒன்பது எழுத்துகள் ஒன்றிலிருந்து ஒன்பது வரையும், யா முதல் ஒன்பது எழுத்துகள் பத்திலிருந்து தொண்ணூறு வரையும், அடுத்த ஒன்பது எழுத்துகள் நூறிலிருந்து தொள்ளாயிரம் வரையும் குறித்தன. இருபத்தெட்டாம் எழுத்தாகிய கைன் ஆயிரத்தைக் குறித்தது. அத்துடன் எழுத்துகள் தீர்ந்தன. நம் இல்லங்களில் பலர் அறிந்த 786 என்பதும் பிஸ்மில்லாஹ்வின் எழுத்துகளை இம்முறையில் கூட்டிப் பெற்ற தொகையே. அதை எழுதலாமா என்பது வேறு விவாதம். அது பிறந்த இடம் இதுவாகும்.

பழந்தமிழ் எண் முறையும் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனிக் குறிகளைக் கொண்டிருந்தது. 2,800 என்பதை நம் முன்னோர் ௨௲௮௱ என்று எழுதினர்.

இந்தியக் கணித அறிஞர்கள் வேறொரு வழியைக் கண்டனர். ஒன்பது இலக்கங்களே போதும். ஓர் இலக்கத்தின் மதிப்பை அது நிற்கும் இடம் தீர்மானிக்கும். வெறுமையான இடத்தைச் சுழியம் காத்து நிற்கும். கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் சுழியத்தைக் கொண்டு கணக்கிடும் விதிகளை எழுதினார்.

அப்பாசிய கலீஃபா மஃமூனின் காலத்தில் (813–833) பக்தாதில் வாழ்ந்த முஹம்மது இப்னு மூஸா அல்-குவாரிஸ்மி அவர்கள், இம்முறையை விளக்கித் தனி நூல் இயற்றினார்கள். அதனை இந்தியர்களின் கணக்கு என்றே குறிப்பிட்டார்கள். பிறர் அறிவைத் தமதாக்கிக் கொள்ளவில்லை. வெறுமை எனப் பொருள்படும் 'ஸிஃப்ர்' என்னும் அரபுச் சொல்லே ஐரோப்பாவில் உருமாறி 'ஸீரோ' ஆயிற்று.

அவர்களது மற்றொரு நூலான அல்-ஜப்ர் வல்-முகாபலாவின் பெரும்பகுதி, வாரிசுரிமை, மரண சாசனம் பற்றிய கணக்குகளால் ஆனது. அதன் காரணத்தை ஒரு கணக்கால் அறியலாம்.

ஒருவர் மனைவி, ஒரு மகன், ஒரு மகள் ஆகியோரை மட்டும் விட்டு மரணிக்கிறார். கடனும் வஸிய்யத்தும் நிறைவேறியபின் எஞ்சியது 9,600 திர்ஹம். சூரத்துந் நிஸா விதித்தபடி மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, அதாவது 1,200. மீதி 8,400-இல் மகனுக்கு 5,600, மகளுக்கு 2,800.

மகளின் தொகையை ஒருவர் 280 என எழுதிவிட்டால், நான்கு இலக்கம் இருக்கவேண்டிய இடத்தில் மூன்றே உள்ளது என்று எண்ணிப் பார்த்தே பிழையைப் பிடிக்கலாம். ஆனால் 2,080 என எழுதிவிட்டால்? இலக்கங்களும் அவையே, எண்ணிக்கையும் நான்கே. நூறின் இடத்தில் நிற்கவேண்டிய எட்டு, பத்தின் இடத்துக்கு இறங்கிவிட்டது. அந்தப் பெண்ணின் உரிமையில் 720 திர்ஹம் மறைந்துவிட்டது. இலக்கங்களை எண்ணத் தெரிந்தால் மட்டும் போதாது. இடமும் தெரிய வேண்டும்.

தொடக்கத்தில் இக்கணக்குகள் புழுதி பரப்பிய பலகையில், அழித்து அழித்துச் செய்யப்பட்டன. விடை மட்டுமே எஞ்சியது; வந்த வழி எஞ்சவில்லை. ஹிஜ்ரி 341-இல் டமாஸ்கஸில் அபுல் ஹஸன் அல்-உக்லீதிஸீ அவர்கள் எழுதிய நூல், தாளிலும் மையிலும், அழிக்காமல் கணக்கிடும் வழியைக் கற்பித்தது. ஒவ்வொரு படியும் தாளில் நின்றதால், மற்றொருவர் அதைச் சரிபார்க்க முடிந்தது.

வட ஆப்பிரிக்காவின் பிஜாயா துறைமுகத்தில் இக்கணக்கைக் கற்ற இத்தாலியர் ஃபிபொனாச்சி, 1202-இல் அதனைத் தம் நூலால் ஐரோப்பாவில் பரப்பினார். ஆயினும் 1299-இல் ஃபுளோரன்ஸ் நகர நாணயமாற்றுச் சங்கம், கணக்கேடுகளில் இந்த இலக்கங்களைத் தடை செய்து, தொகைகளை எழுத்தாலேயே எழுதப் பணித்தது. இன்று காசோலையில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுகிறோம். ஓர் இலக்கம் கூடினாலும் குறைந்தாலும் எழுத்து காட்டிக்கொடுத்துவிடும்.

கணக்கு உலகக் கல்வி, அது மார்க்கத்துக்குப் புறம்பானது என்று எண்ணும் பெற்றோர் இவ்வரலாற்றைச் சிந்திக்க வேண்டும். ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் என்று இடங்களைக் கற்கும் பிள்ளை, நாளை ஒரு விதவையின், ஓர் அநாதையின் பங்கைச் சரியாகக் கணக்கிடக் கற்கிறது. சொத்துப் பங்கீட்டுத் தாள் உங்கள் முன் வரும்போது, தொகைகளை எழுத்தாலும் எழுதச் செய்யுங்கள். பங்குகளைக் கூட்டி மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். வீட்டுப் பெண்களையும் அதை வாசித்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.