எழும்பூர் மணலில் பிறந்த பாடமுறை

சட்டாம்பிள்ளை என்ற சொல் நம் வயதுக்காரர்களுக்குத்தான் இன்னும் நினைவிருக்கும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்கு அடுத்த அதிகாரம் அவனுக்கு. வாத்தியார் வெளியே போனால் முறை வைத்துப் பாடம் சொல்லுபவன் அவன். மணலில் 'அ' எழுதப் பழகும் சின்னப் பிள்ளைகளின் விரலைப் பிடித்துச் சுழிக்கச் சொல்லித் தருபவனும் அவனே. இந்தச் சட்டாம்பிள்ளை முறை கப்பலேறி இங்கிலாந்துக்குப் போன கதையை இன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

ஆண்ட்ரூ பெல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் பிறந்த பாதிரியார். 1787-இல் சென்னைக்கு வந்தார். கம்பெனி ராணுவத்தாரின் ஆதரவற்ற பையன்களுக்காக எழும்பூரில் ஒரு விடுதிப் பள்ளி தொடங்கப்பட்டபோது, 1789-இல் அதன் கண்காணிப்பாளரானார். அங்கிருந்த ஆசிரியர்களைக் கொண்டு அவர் நினைத்தபடி பாடம் நடத்த முடியவில்லை.

ஒரு நாள் காலை குதிரையில் போகும்போது, வழியில் ஒரு நாட்டுப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். காகிதம் வேண்டாம், மை வேண்டாம். தப்பாக எழுதினால் கையால் ஒரு தடவு தடவினால் போதும். பெல் திரும்பி வந்து, கடைசி வகுப்பு ஆசிரியரை அப்படியே செய்து பார்க்கச் சொன்னார். அது நடக்காத காரியம் என்று அவர் மறுத்துவிட்டார். பெல் விடவில்லை. ஜான் ஃப்ரிஸ்கின் என்ற எட்டு வயதுப் பையனிடம் அந்த வகுப்பை ஒப்படைத்தார். சாதாரணச் சிப்பாய் ஒருவரின் மகனான அந்தப் பையன், ஆசிரியர் முடியாது என்றதைச் செய்து காட்டினான். அதன்பின் பள்ளி முழுவதும் பெரிய பையன்கள் சின்னப் பையன்களுக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார்கள்.

1796-இல் சென்னையிலிருந்து கிளம்பிய பெல், மறு வருடம் இதை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் 'மதராஸ் முறை' பரவியது. செயின்ட் ஆண்ட்ரூஸில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மதராஸ் கல்லூரி என்றே பெயர். இந்த முறை இந்தியாவிலிருந்து வந்தது என்பதை 1814-இல் கம்பெனி இயக்குநர்கள் சென்னைக்கு அல்ல, வங்காளத்துக்கு எழுதிய கடிதத்திலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நம் மாகாணத்தில் அன்று பள்ளிகளுக்குக் குறைவில்லை. 1822-இல் தாமஸ் மன்றோ எடுக்கச் சொன்ன கணக்கின்படி 12,498 பள்ளிகள் இருந்தன.

பெல்லை நான் பாராட்டுகிறேன். தெருவோரத்தில் கண்டதை 'இது நாட்டார் வழக்கம்' என்று தள்ளாமல் எடுத்துக்கொண்டாரே, அதற்காக. ஆனால் ஒன்று உறுத்துகிறது. மறுத்த ஆசிரியரை வழிக்குக் கொண்டுவராமல், அவரைத் தாண்டிப் போய்விட்டார். அந்தப் போக்கே முறையோடு சேர்ந்து இங்கிலாந்துக்கும் போயிற்று. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர், மற்றதெல்லாம் பையன்கள் பொறுப்பு என்று செலவைக் குறைக்கும் வழியாக அதைக் கண்டார்கள். படிப்பு வெறும் உருப்போடுதலாகச் சுருங்கியது. 1846-இல் பயிற்சி ஆசிரியர் முறையை அரசு கொண்டுவந்த பிறகு அது மெல்ல மெல்ல மறைந்தது.

இதைப் படித்தபோது நான் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற பள்ளி நினைவுக்கு வந்தது. அங்கே கணினிகள் ஏற்கெனவே வந்திருந்தன. அழகாகத் துணி போர்த்தி, அறையைப் பூட்டிச் சாவியை பீரோவில் வைத்திருந்தார்கள். காரணம் சோம்பல் இல்லை. பொருள் இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. பழுதானால் தணிக்கையின்போது யார் பதில் சொல்வது என்ற பயம். ஆசிரியர் கூட்டத்தில், பழுதுக்குத் தலைமையாசிரியரே பொறுப்பு என்று தீர்மானப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாளே பூட்டு திறந்தது.

அடுத்து, மாணவர்களுக்கு முன் ஆசிரியர்களை உட்கார வைத்தேன். 'உங்கள் வினாத்தாளை நீங்களே அடித்துக்கொள்ளுங்கள், கடைக்கு அலைய வேண்டாம்' என்றேன். முதலில் வந்தவர் தமிழாசிரியர். இளமையில் தமிழ்த் தட்டச்சு லோயர் தேறியவர். பழைய தட்டச்சு அமைப்பிலேயே தமிழ் எழுத்துரு இருந்ததால் அவர் விரல்கள் தாமாக ஓடின. அதுவரை ஒதுங்கி நின்ற கணக்கு ஆசிரியர், அதைப் பார்த்த பிறகு, பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கற்றுக்கொண்டார். 'நீதாம்மா எனக்குச் சட்டாம்பிள்ளை' என்று அவர் சொன்னது பள்ளி முழுக்கப் பரவிவிட்டது.

பிறகு 2011-இல் விலையில்லா மடிக்கணினி வந்தது. 2018-இல் பாடநூலில் க்யூஆர் குறியீடு வந்தது. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. இனியும் ஏதேதோ வரும். மேலிடத்திலிருந்து பொருளை அனுப்பிவிடலாம். ஆசிரியரின் பயத்தைத் தன் தலையில் வாங்கிக்கொள்ளும் ஒருவர் அந்தப் பள்ளியிலேயே இருக்க வேண்டும். எழும்பூரில் அந்த ஆசிரியர் மறுத்ததற்கு என்ன காரணம் என்று உட்கார்ந்து கேட்டிருந்தால், மதராஸ் முறை இன்னும் நன்றாக வளர்ந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் பள்ளிக்கு முதல் கணினி வந்தபோது அதை யார் முதலில் தொட்டார்கள்? நினைவிருக்கும் நண்பர்கள் எழுதுங்கள்.