துண்டுச்சீட்டும் செய்தித்தாளும்: கோ. நடேசையரின் முதல் பத்தாண்டு

இலங்கைத் தோட்டத் தொழிற்சங்க வரலாறு 1931இல் தொடங்குகிறது என்பது வழக்கமாகிவிட்டது. தஞ்சாவூரிலிருந்து சென்ற பத்திரிகையாளர் கோ. நடேசையர் அவ்வாண்டில்தான் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். இந்தக் காலக்கணக்குக்கு ஆய்வுலகில் அழுத்தம் தந்தது, குமாரி ஜெயவர்த்தனா 1972இல் வெளியிட்ட இலங்கைத் தொழிலாளர் இயக்க வரலாறு. 1920களைக் கொழும்புத் தொழிலாளரின் காலமாகவும், மலைநாட்டின் விழிப்பை அதற்குப் பிந்தியதாகவும் அவர் வைக்கிறார். கொழும்புத் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்கவையும் 1923ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தத்தையும் அவர் எழுதியிருக்கும் விரிவு போற்றத்தக்கது. ஆயினும் அந்தக் கணக்கை ஏற்க எனக்கு இயலவில்லை.

சங்கம், சந்தா, வேலைநிறுத்தம் ஆகியவை துறைமுகத்துக்கும் டிராம் சாலைக்கும் பொருந்தும் அளவுகோல்கள். தோட்டமோ அன்று வெளியார் காலடி வைத்தாலே அத்துமீறல் வழக்கு பாயும் இடம். கூட்டம் கூட்ட முடியாத இடத்தில் சங்கம் எங்கே என்று தேடினால் கிடைக்காது. சங்கத்தின் வேலையை எது செய்தது என்றுதான் தேட வேண்டும். 1921இல் நடேசையர் ஆசிரியராக இருந்த ‘தேசநேசன்’, 1924இல் தொடங்கிய ‘தேசபக்தன்’ ஆகியவையே அதைச் செய்தன என்பது என் துணிபு.

அந்த ஏடுகள் எதை எதிர்த்து நின்றன என்பதை ஒரு சிறு காகிதம் காட்டும். அதன் பெயர் துண்டு. இவ்வளவு பணத்தைத் தீர்த்தால் இன்ன ஆட்கள் விடுவிக்கப்படுவார்கள் என்று தோட்ட நிர்வாகம் எழுதிக்கொடுத்த சீட்டு அது. சங்கரன்கோவில் போன்ற மானாவாரி வட்டாரங்களைக் கொண்ட திருநெல்வேலிச் சீமை, தோட்டங்களுக்கு ஆள்பிடித்துக் கொடுத்த கங்காணிகள் ஆள் திரட்டிய மாவட்டங்களுள் ஒன்று. ஊரில் வாங்கிய முன்பணம், வழிச்செலவு, கடைக்கணக்கு எல்லாம் கடனாக ஏறும். வேறு தோட்டத்துரை அந்தத் தொகையைக் கட்டினால் கங்காணியோடு ஆட்களும் இடம் மாறுவார்கள்; கடன் மட்டும் தீராது, புதிய முன்பணத்தால் வளரும். ஆட்கள் பெருகப் பெருகத் தலைக்கங்காணிக்குத் தலைக்கணக்கில் கிடைக்கும் ‘பென்ஸ் காசும்’ பெருகும். ஒரு மனிதனின் விலை எழுதப்பட்ட சீட்டு என்று துண்டைச் சொல்வதில் மிகையில்லை.

துண்டு முறை சட்டத்தால் ஒழிந்ததும் 1921இல்தான். அதனால் நடேசையரே அதை ஒழித்தார் என்று நான் சொல்லவில்லை. இந்திய அரசின் நெருக்குதல் இருந்தது. பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் நிறுவிய தொழிலாளர் நலச் சங்கம் முன்பே வாதாடியது. ஆனால் துண்டு போன பின்னும் கடன் போகவில்லை, கங்காணியும் போகவில்லை. அந்த மிச்சத்தோடு நடந்த போர்தான் நடேசையரின் இதழியல்.

அவர் புடவை வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் நுழைந்தார் என்ற செய்தியைச் சிலர் கதையாகத் தள்ளுவார்கள். நான் தள்ளமாட்டேன். தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் வாசல் வரை போக அனுமதி பெற்ற வெளியாருள் துணி விற்பவரும் ஒருவர். வேடத்தின் தேர்விலேயே களம் அறிந்தவரின் கணக்கு தெரிகிறது. அவர் இலங்கையில் நிலையாகத் தங்குவதற்கு, அதாவது 1920க்கு முன்பு நடந்தது என்பதற்கு மேல் ஆண்டை இறுக்க நான் துணியவில்லை.

எழுத்தறியாதவரிடம் செய்தித்தாள் எப்படிச் சங்கமாகும் என்ற கேள்வி நியாயமானது. ஒருவர் படிக்கப் பலர் கேட்டிருப்பார்கள் என்பதற்கு நேர்ச்சான்று குறைவு; எனினும் அவர் மனைவி மீனாட்சியம்மாள் தொழிலாளர் துயரைப் பாட்டாகப் புனைந்து 1940இல் நூலாக்கினார். காது வழியே செய்தி போகும் என்பதை அறிந்த குடும்பம் அது. 1925இல் சட்டநிரூபண சபைக்குள் சென்ற நடேசையர், 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நிறைவேறியபோது அங்கே இருந்தார். அதன்படி 1929இல் மலைநாட்டில் நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என நிர்ணயமாயிற்று. 1931க்கு முன்பே இத்தனையும் நடந்திருக்க, அந்த ஆண்டைத் தொடக்கம் என்பது பொருந்தாது. பத்தாண்டுக் கால எழுத்து அமைப்பாகத் திரண்ட ஆண்டு என்பதே சரி.

அவர் 1947இல் மறைந்தார். 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய குடும்பங்கள் தமிழகத்தின் தென்மாவட்டங்களிலும் இருக்கின்றன. அவர்களின் பழம்பெட்டிகளில் துண்டோ, பற்றுச்சீட்டோ, ‘தேசபக்தன்’ தாளோ இருந்தால் எறிந்துவிடாமல் அருகிலுள்ள நூலகத்தில் படி எடுத்துக்கொள்ளக் கொடுங்கள்.