வெர்சாய் ஒப்பந்தம்: ஜெர்மானியரின் மனக்கசப்பு

முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி 1919 ஜூன் 28 அன்று வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் கையெழுத்திட்ட உடன்படிக்கை மீது அந்நாட்டு மக்களுக்கு எழுந்த கோபம், அடுத்த இருபது ஆண்டு ஐரோப்பிய அரசியலை ஆட்டிப்படைத்தது. இடதுசாரி, வலதுசாரி என்ற வேறுபாடின்றி ஏறக்குறைய எல்லாக் கட்சிகளும் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான்.

கோபத்தின் வேர் 1918-லேயே இருக்கிறது. அவ்வாண்டு மார்ச்சில் ரஷ்யாவை மண்டியிட வைத்து, பிரெஸ்ட்-லித்தோவ்ஸ்க் ஒப்பந்தத்தால் உக்ரைன் உள்ளிட்ட பெரும் நிலப்பரப்பை அதனிடமிருந்து பிரித்தது ஜெர்மனி. அதன் கடுமை பற்றி அப்போது அங்கே பெரிதாக யாரும் வருந்தவில்லை. செப்டம்பர் இறுதியில் தளபதி லூடென்டார்ஃப் உடனடிப் போர்நிறுத்தம் கேட்கும்படி அரசை நெருக்கினார். ஆனால் மக்கள் கண்டது வேறு. நவம்பரில் சண்டை நின்றபோது எதிரிப் படை ஜெர்மன் மண்ணுக்குள் ஊடுருவியிருக்கவில்லை. ஊர் திரும்பிய வீரர்களிடம், எந்த எதிரியும் உங்களை வெல்லவில்லை என்ற பொருளில் பேசி வரவேற்றார் அரசின் தலைவர் ஏபெர்ட். தோல்வியையே உணராதவர்களுக்குத் தண்டனை அநீதியாகத்தான் படும்.

1919 மே 7 அன்று நிபந்தனைகள் கையளிக்கப்பட்டன. பேச்சுவார்த்தை கிடையாது, எழுத்தில் பதில் தர 15 நாள். வெளியுறவு அமைச்சர் பிராக்டார்ஃப்-ரான்ட்சாவ் எழுந்து நிற்காமல், உட்கார்ந்தபடியே பதிலுரை படித்தார். நேசநாட்டுத் தலைவர்கள் அதைத் திமிராகவே எடுத்துக்கொண்டனர். அல்சாஸ்-லொரேன் பிரான்சுக்குப் போனது. போலந்துக்கு விடப்பட்ட நிலம் கிழக்குப் பிரஷ்யாவைத் துண்டித்தது. நிலத்தில் சுமார் 13 விழுக்காடும் காலனிகள் அனைத்தும் பறிபோயின. படை ஒரு லட்சம் பேருக்குள் அடக்கப்பட்டது. இவற்றையெல்லாம்விடச் சுட்டது 231-ஆம் பிரிவு. இழப்பீடு கோருவதற்கான சட்ட அடிப்படையாக எழுதப்பட்ட அதை, போர்ப்பழி முழுவதையும் தம் தலையில் சுமத்தும் தீர்ப்பாகவே ஜெர்மானியர் படித்தனர்.

கையெழுத்திட மறுத்துப் பிரதமர் ஷைடமன் பதவி விலகினார். மீண்டும் போரிட இயலாது என்று தளபதி குரோனர் சொன்னபின், தேசிய மன்றம் 237-க்கு 138 வாக்குகளில் ஒப்பந்தத்தை ஏற்றது. போரை நடத்தித் தோற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள, குடியரசின் சிவில் தலைவர்கள் பழியைச் சுமந்தனர். அவ்வாண்டு நவம்பரில் தோல்வியை ஆராய்ந்த தேசிய மன்ற விசாரணைக் குழுவின் முன் வந்த போர்க்காலத் தலைமைத் தளபதி ஹிண்டன்பர்க், படை முதுகில் குத்தப்பட்டதாகச் சாட்சியம் சொன்னார். போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்ட எர்ட்ஸ்பெர்கர் 1921 ஆகஸ்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஷைடமன் முகத்தில் 1922 ஜூனில் நச்சு அமிலம் வீசப்பட்டது, அவர் பிழைத்துக்கொண்டார். அதே மாதம் வெளியுறவு அமைச்சர் ராத்தெனாவ் கொல்லப்பட்டார்.

இந்த மனக்கசப்பு தானாக மட்டும் வளரவில்லை. அரசே அதற்கு நீர் ஊற்றியது. போர்ப்பழியை மறுப்பதற்கென்றே வெளியுறவு அமைச்சகத்தில் தனிப்பிரிவு இயங்கியது. போருக்கு முந்தைய ராஜதந்திர ஆவணங்கள் 1922 முதல் 1927 வரை பெருந்தொகுதிகளாக அச்சேறின. ஒப்பந்தத்தைக் குறைகூறும் குரலுக்கு வெளிநாட்டிலும் ஆதரவு இருந்தது: இழப்பீட்டைக் கண்டித்து பொருளியலாளர் கெய்ன்ஸ் எழுதிய நூல் 1919 இறுதியிலேயே வெளிவந்தது.

1921-இல் இழப்பீடு 13,200 கோடி தங்க மார்க் என அறிவிக்கப்பட்டது. அதில் 8,200 கோடி பெயரளவுக்கு மட்டுமே. உண்மையில் வசூலிக்கும் எண்ணம் நேசநாடுகளுக்கே பெரிதாக இல்லை. ஆயினும் நாளிதழ்களில் ஏறியது முழுத்தொகைதான். தவணை தவறியதென்று 1923 ஜனவரியில் பிரான்சும் பெல்ஜியமும் ஜெர்மனியின் தொழில் மையமான ரூர் பகுதியைக் கைப்பற்றின. அதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களுக்கு ஜெர்மன் அரசு நோட்டு அச்சடித்துக் கூலி கொடுத்தது. ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்த மார்க், நவம்பரில் டாலருக்கு 4.2 லட்சம் கோடி என்ற நிலைக்கு வீழ்ந்தது. சேமிப்பை இழந்த நடுத்தர வர்க்கம் பழியை வெர்சாய் மீது போட்டது. போர்ச்செலவைக் கடன் வாங்கியே சமாளித்த பழைய பேரரசின் பங்கை நினைத்தவர்கள் குறைவு.

இந்தக் கோபம் எல்லா நேரமும் வாக்காக மாறிவிடவில்லை. இழப்பீட்டை மாற்றியமைத்த யங் திட்டத்தை எதிர்த்து தேசியவாதக் கட்சித் தலைவர் ஹூகன்பெர்க்கும் நாஜிக் கட்சித் தலைவர் ஹிட்லரும் கொண்டுவந்த 1929 டிசம்பர் பொதுவாக்கெடுப்பில், தகுதியுள்ள வாக்காளரில் 14 விழுக்காட்டினர்கூட ஆதரிக்கவில்லை. பெருமந்தம் வேலைகளைப் பறித்த பிறகே நாஜிகளின் வாக்கு பெருகியது. இழப்பீடோ, ஹிட்லர் பதவிக்கு வருமுன்பே, 1932 லோசான் மாநாட்டில் நடைமுறையில் முடிந்துபோயிருந்தது. எனினும் ஒப்பந்தத்தை மீறி ஹிட்லர் 1935-இல் கொண்டுவந்த கட்டாயப் படைச்சேவையும் 1936-இல் ரைன்லாந்துக்குள் படைநுழைவும் நாஜிக் கட்சிக்கு வெளியேயும் கைதட்டல் பெற்றன. போர்ப்பழியை ஏற்று இட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாக 1937 ஜனவரி 30 அன்று ஹிட்லர் நாடாளுமன்றத்தில் அறிவித்தார்.