மாண்ட்கமரியின் இளைப்பாறுதல்



இந்த மேடையில் பஞ்சமி நிலத்தைப் பற்றிப் பேசியிருக்கிறோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றி, இரட்டைக் குவளையைப் பற்றிப் பேசியிருக்கிறோம். தூக்கத்தைப் பற்றிப் பேசியதில்லை. யாருடைய நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ அவர் பல வருடம் சரியாகத் தூங்கவில்லை என்பது இங்கே முன்வரிசையில் இருக்கும் நான்கைந்து பேருக்குத் தெரியும். மேடையில் கர்ஜித்தவர் இரவில் வாசல் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அதை நாம் ஒரு பிரச்சினையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. களப்பணி என்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்டோம்.

என் கதையும் கொஞ்சம் உண்டு. ஒரு கோவில் நுழைவுப் பிரச்சினையில் என் பெயரும் குற்றப் பத்திரிகையில் ஏறியது. இரவு பதினொரு மணிக்கு மேல் போன் வரும். பேசமாட்டார்கள், மூச்சு மட்டும் கேட்கும். எங்கள் காலனியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஜெபக்கூடம் ஒன்று உண்டு. அங்கே பாய் விரிக்கும் ஆயா ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கண்ணு, இன்னிக்கி ராவுக்கு மட்டும் அத அவருகிட்ட குடுத்துட்டுத் தூங்கு. வேணும்னா காலையில திருப்பி வாங்கிக்க.” நான் சிரித்தேன். சமூகவியலில் முதுகலை படித்த திமிர். மதம் மக்களுக்கு அபின் என்ற வரி அப்போது என் நாக்கு நுனியில் இருந்தது.

அந்தச் சிரிப்பு சரிதானா என்று பிறகு என்னைக் கேட்க வைத்தது ஒரு வரலாறு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மாண்ட்கமரி என்ற நகரத்தில் 1955, 56இல் நடந்தது. பேருந்துப் புறக்கணிப்பு என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். 1955 டிசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸ் இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானார். டிசம்பர் 5 அன்று புறக்கணிப்பு தொடங்கியது. 381 நாள் நீடித்தது. இந்தக் கணக்கெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அந்த 381 இரவுகளில் மக்கள் எப்படித் தூங்கினார்கள் என்பதுதான் என் கேள்வி.

ஓர் இரவிலிருந்து தொடங்குகிறேன். 1956 ஜனவரி 27, வெள்ளிக்கிழமை. மார்ட்டின் லூதர் கிங்கிற்கு அப்போது 27 வயது நிரம்பிப் பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. டெக்ஸ்டர் அவென்யூ பாப்டிஸ்ட் திருச்சபையின் இளம் போதகர். முதல் குழந்தை பிறந்து இரண்டு மாதம். முந்தின நாள், 25 மைல் வேகத்தில் போக வேண்டிய சாலையில் 30 மைல் வேகத்தில் போனதாகச் சொல்லி முதல் முறையாகச் சிறையில் அடைத்து வெளியே விட்டிருந்தார்கள். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது மிரட்டல்கள், கடிதமாகவும் போனாகவும். அந்த இரவு நடுநிசியை ஒட்டி இன்னொரு போன். மூன்று நாளில் ஊரைவிட்டுப் போகாவிட்டால் வீட்டை வெடி வைத்துத் தகர்த்து உன்னை முடித்துவிடுவோம் என்கிறது ஒரு குரல்.

அவரால் தூங்க முடியவில்லை. எழுந்து சமையலறைக்குப் போய்க் காபி போட்டார். கோப்பை முன்னால் இருக்கிறது, குடிக்கவில்லை. கோழை என்ற பெயர் வராமல் எப்படி இதிலிருந்து கழன்றுகொள்வது என்று யோசித்தார். தோழர்களே, இதை அவரே எழுதியிருக்கிறார். நம் தலைவர்களில் எத்தனை பேர் இப்படி ஒரு வரி எழுதுவார்கள்? முந்தின வருடம்தான் பாஸ்டனில் இறையியல் முனைவர் பட்டம் வாங்கியவர். அதுவரை கடவுள் அவருக்கு அப்பாவிடமிருந்து வந்த குடும்பச் சொத்து, வகுப்பறையில் விவாதிக்க ஒரு கருத்தாக்கம். அன்று மேசைமேல் தலையைக் கவிழ்த்து வாய்விட்டு ஜெபித்தார். தனக்குப் பயமாக இருக்கிறது, தெம்பு தீர்ந்துவிட்டது, தான் தளர்ந்தால் மக்களும் தளர்ந்துவிடுவார்கள் என்று ஒப்புக்கொண்டார். நீதிக்காக நில், நான் உன்னோடு இருக்கிறேன் என்று உள்ளே ஒரு குரல் கேட்டதாகவும், பயம் இறங்கத் தொடங்கியதாகவும் சொல்கிறார்.

கவனிக்க வேண்டியது, வீடு பாதுகாப்பாக இருக்கும் என்று அந்தக் குரல் சொல்லவில்லை. மூன்றாம் நாள், ஜனவரி 30 இரவு, வீட்டு முகப்பில் குண்டு வெடித்தது. உள்ளே மனைவி கொரெட்டாவும் கைக்குழந்தையும் இருந்தார்கள், காயமின்றித் தப்பினார்கள். கூட்டத்தில் இருந்த கிங் செய்தியைக் கேட்டுத் தனக்கே வியப்பாக இருக்கும் அளவுக்கு அமைதியாக இருந்தாராம். ஆயுதத்தோடு வாசலில் கூடிய தன் மக்களை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார். சில நாள் கழித்துத் துப்பாக்கி உரிமம் கேட்டு விண்ணப்பித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கொடுக்கவில்லை. ஜெபம் பண்ணியவருக்குப் பயமே வரவில்லை என்று பிரசங்க மேடைகளில் சொல்லப்படும் கதை பொய்.

இங்கே அபின் தோழர் கை தூக்குவார். தூக்க வேண்டியதுதான். நானே தூக்கியவன்.

இந்தக் கேள்வியைக் கூர்மையாகக் கேட்டவர் ஒருவர் நமக்குப் பக்கத்திலேயே, கொழும்பில், இருந்தார். 1935இல் ஹோவர்ட் தர்மன் என்ற கறுப்பின இறையியலாளர் மாணவர் நல்லெண்ணக் குழு ஒன்றை வழிநடத்தி இலங்கைக்கும் பர்மாவுக்கும் இந்தியாவுக்கும் வந்தார். கொழும்புச் சட்டக் கல்லூரியில் பேசி முடித்ததும் அதன் முதல்வர், ஓர் இந்து, அவரைக் காபிக்கு அழைத்துப் போனார். உங்கள் முன்னோரைக் கப்பலில் ஏற்றி விற்றவர்கள் கிறிஸ்தவர்கள், இன்றும் உங்களைத் தூக்கில் தொங்கவிடுகிறவர்கள் கிறிஸ்தவர்கள், அதே மதத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்களே, கறுத்த மக்கள் எல்லோருக்கும் நீங்கள் துரோகி இல்லையா என்று முகத்துக்கு நேராகக் கேட்டார். 1949இல் தர்மன் வெளியிட்ட ‘இயேசுவும் உரிமை பறிக்கப்பட்டோரும்’ என்ற சிறிய நூல் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டுகிறது. அதில் அச்சத்துக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. எப்போது வேண்டுமானாலும், காரணமே இல்லாமல் அடி விழலாம் என்ற நிலையில் வாழ்கிறவனின் உடம்பே அச்சத்தின்படி நடக்கப் பழகிவிடுகிறது. தொடக்கத்தில் உயிரைக் காக்கும் அந்தப் பழக்கமே பிறகு ஆளை உள்ளே கொன்றுவிடுகிறது என்கிறார். சேரியில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை. ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் எடுத்த நம் தாத்தாக்களின் முதுகைப் பார்த்தவர்கள் நாம்.

அந்த நூலில் எனக்கு மிகப் பிடித்தவர் தர்மனின் பாட்டி. அடிமையாகப் பிறந்தவர், எழுதப் படிக்கத் தெரியாது. பேரனை வேதாகமம் வாசிக்கச் சொல்லிக் கேட்பார். பவுலின் நிருபங்களை மட்டும் ஏறத்தாழ அண்ட விடமாட்டார். வெள்ளை எஜமானின் போதகர் எப்போதும் அடிமைகளே கீழ்ப்படியுங்கள் என்ற பகுதியைத்தான் எடுப்பாராம். விடுதலை கிடைத்தால் அந்தப் பக்கத்தை வாசிக்கவே மாட்டேன் என்று பாட்டி அன்றே முடிவு செய்துவிட்டார். ஆனால் அபூர்வமாக ஒரு கறுப்பின அடிமைப் போதகர் வருவார். நீங்கள் அடிமைகள் அல்ல, கடவுளின் பிள்ளைகள் என்று முடிப்பார். அதைப் பாட்டி ஆயுள் முழுவதும் வைத்துக்கொண்டார். ஒரே புத்தகத்தில் எது மயக்க மருந்து, எது முதுகெலும்பு என்று எழுத்தறியாத ஒரு கிழவி பிரித்திருக்கிறார். நம் பாமா 1992இல் ‘கருக்கு’ நூலில் திருச்சபையைத் தோலுரித்ததும் இந்தப் பிரிப்பு வேலையில்தான் சேரும் என்பது என் கருத்து.

மாண்ட்கமரிக்குத் திரும்புவோம். அங்கே இளைப்பாறுதல் என்பது கிங் ஒருவரின் சமையலறையில் மட்டும் நடந்த சங்கதி இல்லை. சுமார் 50,000 கறுப்பின மக்கள் இருந்த நகரம். வீட்டு வேலை செய்யும் பெண்கள் மைல் கணக்கில் நடந்தார்கள். திருச்சபைகளில் வாரந்தோறும் இரவுக் கூட்டம், ஜெபம், பாட்டு, பிறகு நாளைக்கு எந்த முனையில் எந்தக் கார் நிற்கும் என்ற அறிவிப்பு. ஜெபமும் கார் ஏற்பாடும் ஒரே நிகழ்ச்சி நிரலில். சுமார் 300 கார்கள் ஓடின.

அந்தக் கூட்டங்களில் ஒரு மூதாட்டி உட்கார்ந்திருப்பார். எல்லோரும் அவரை மதர் பொல்லார்ட் என்பார்கள். வயதாகிவிட்டது, நீங்கள் பேருந்தில் போங்கள் என்றதற்கு மறுத்து நடந்தவர். அசதியாக இல்லையா என்று கேட்டபோது, கால்தான் அசந்திருக்கிறது, ஆத்துமா இளைப்பாறியிருக்கிறது என்ற பொருளில் பதில் சொன்னார். அந்தக் கைதுக்கும் மிரட்டல்களுக்கும் பிறகு வந்த ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில் கிங் தைரியமாகப் பேசுவதுபோல் பேசினார். கூட்டம் முடிந்ததும் இந்தத் தாய் அவரைக் கூப்பிட்டு, உனக்கு என்னமோ ஆகியிருக்கிறது, மறைக்காதே என்று பிடித்துக்கொண்டார். நாங்கள் உன்கூட இருக்கிறோம். நாங்கள் இல்லாமல் போனாலும் கடவுள் உன்னைப் பார்த்துக்கொள்வார் என்றார். நம்பிக்கை அங்கே இப்படித்தான் கைமாறியது. முனைவர் பட்டம் வாங்கியவருக்குப் பள்ளிக்கூடம் அதிகம் போகாத கிழவி கொடுத்தார்.

ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண் நீதிமன்றத்தில் பேருந்து நிறுவனத்துக்கு எதிராகச் சாட்சி சொன்னார், வேலை போயிற்று. பொரித்த கோழியும் கேக்கும் விற்று இயக்கத்துக்குப் பணம் சேர்த்தார். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ‘எங்கிருந்தும் இல்லை’ என்று சொல்லலாம் என்பதற்காகத் தன் குழுவுக்கே அப்படிப் பெயர் வைத்தார். கொடுத்தவர்களுக்கு வேலை போகக் கூடாதல்லவா? மதுரை இறையியல் கல்லூரியில் பணியாற்றிய நம் தியோபிலஸ் அப்பாவு ‘ஒரே உலை’ என்று பேசியதை இங்கே நினைத்துக்கொள்கிறேன். நாளைக்குச் சோறு என்ற கவலையைக் கடவுளிடம் விடு என்று சொல்வது சுலபம். பக்கத்து வீட்டு உலையில் உனக்கும் அரிசி கிடக்கிறது என்றால்தான் அந்த வார்த்தை நிற்கும்.

1956 பிப்ரவரியில் 1921ஆம் வருடத்துப் பழைய சட்டம் ஒன்றைத் தூசி தட்டி 89 பேர்மேல் வழக்குப் போட்டார்கள். போலீஸ் என்ற சொல்லுக்கே நடுங்கிய மக்கள், பிடிக்க வருவதற்கு முன்பே தாங்களாக நீதிமன்றத்துக்குப் போனார்கள். இ.டி. நிக்சன் முதலில் போனார். தன் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுப் போனவர்கள் உண்டு. அச்சம் இடம் மாறியது அன்றுதான். அபின் தின்றவர்கள் இப்படிக் காலையில் எழுந்து குளித்து, நல்ல உடை உடுத்திக்கொண்டு கைதாகப் போவார்களா?

இருந்தாலும் இந்த இளைப்பாறுதல் ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளும் பொருள் இல்லை. 1956 டிசம்பரில் வெற்றி வந்தது. 1957 ஜனவரியில் மறுபடியும் திருச்சபைகளுக்குக் குண்டு வைத்தார்கள். அந்த மாதம் ஒரு கூட்டத்தில், யாராவது சாக வேண்டுமென்றால் அது நானாக இருக்கட்டும் என்று ஜெபித்த கிங்கால் மேற்கொண்டு பேச முடியவில்லை. சக போதகர்கள் தாங்கிப் பிடித்து உட்கார வைத்தார்கள். ரோசா பார்க்ஸ் ஆழ்ந்த இறைநம்பிக்கை உள்ளவர். அவருக்கும் வேலை போனது, தூக்கமின்மையும் வயிற்றுப் புண்ணும் வந்தன. 1957இல் ஊரைவிட்டே டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்தார். நம்பிக்கை குறைவாக இருந்ததால் வந்த நோய் என்று யாராவது போதகர் சொன்னால் அவரை எழுந்து போகச் சொல்லுங்கள். மருத்துவரிடம் போக வேண்டிய நோய்க்கு மருத்துவரிடம் போகத்தான் வேண்டும்.

1957 ஜனவரி 27, ஞாயிறு. சமையலறை இரவுக்குச் சரியாக ஒரு வருடம். கிங் வீட்டுத் தாழ்வாரத்தில் பன்னிரண்டு டைனமைட் குச்சிகள், திரி புகைந்து அணைந்த நிலையில் கிடந்தன. அன்று காலை ஆராதனையில்தான் அந்தச் சமையலறையைப் பற்றிச் சபையாரிடம் பேசினார்.

1959இல் அவரும் கொரெட்டாவும் இந்தியா வந்தார்கள், கன்னியாகுமரிப் பாறையில் உட்கார்ந்து கடலைப் பார்த்தார்கள். திருவனந்தபுரத்தில் தீண்டப்படாதோர் வீட்டுப் பிள்ளைகள் படித்த பள்ளியில் தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் சக தீண்டப்படாதவர் என்று அறிமுகப்படுத்தினார். முதலில் சுருக்கென்றதாம். யோசித்துப் பார்த்துவிட்டு, ஆமாம், அப்படித்தான் என்று ஏற்றுக்கொண்டார். இதை அவரே 1965இல் ஒரு பிரசங்கத்தில் சொன்னார்.

என் வழக்கு ஏழு வருடம் நடந்தது. அந்த ஆயா ஐந்து வருடம் ஒவ்வொரு வாய்தாவுக்கும் பேருந்தில் வந்தார். தூக்குவாளியில் எலுமிச்சைச் சோறு, மஞ்சள் பையில் வேதாகமம். நீதிமன்ற வளாகத்து வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து, எங்கள் பெயரைக் கூப்பிடும்வரை கண்ணை மூடியிருப்பார். நான் ஒருநாளும் ஜெபித்ததில்லை. ஆனால் வாய்தாவுக்கு முந்தின இரவுகளில் எப்படியோ தூக்கம் வர ஆரம்பித்திருந்தது. விடுதலைத் தீர்ப்பு வந்த அன்று மரத்தடியில் அவர் இல்லை. அவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்தத் தூக்குவாளி இப்போது என் வீட்டில் இருக்கிறது.