தச்சு வேலை

எங்கப்பா ஆசாரி. நாகர்கோவில் பக்கத்தில் அவர் செய்து நிறுத்திய நிலைகளும் கதவுகளும் இன்றும் பல வீடுகளில் இருக்கின்றன. ரெடிமேட் கதவு வந்தது, பிறகு பிவிசி கதவு வந்தது, வேலை ஒவ்வொன்றாகக் குறைந்தது. இப்போது உளிகளைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறார். அவ்வப்போது எடுத்துத் தீட்டி, திரும்பச் சுற்றி வைத்துவிடுவார்.

போன வருஷம் நான் ஒரு புத்தக அலமாரி வாங்கினேன். தனித்தனிப் பலகைகளாகப் பெட்டியில் வரும், நாமே கோத்துக்கொள்ள வேண்டிய வகை. திருகாணியை முறுக்குவதற்கு வளைந்த சாவி ஒன்றும் கூடவே வரும். நான் தரையில் உட்கார்ந்து முறுக்கிக்கொண்டிருந்ததை அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆசாரி மவன் கடையில அலமாரி வாங்கி முறுக்குதான்" என்றார். கோபமெல்லாம் இல்லை. சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

எனக்குத்தான் அந்த வார்த்தை முள்ளாகத் தைத்தது. 'நீங்களே செய்து பாருங்கள்' என்று சொல்லி விற்கிறார்களே, இது யாருக்கு எதைக் கொடுக்கிறது, யாரிடமிருந்து எதை எடுக்கிறது? அதைத் தேடி வாசிக்கும்போதுதான் ஒரு சின்னப் படகின் கதை கிடைத்தது.

இடம் இங்கிலாந்து. 1950களில் அங்கே பாய்மரப் படகு என்பது பெரும்பாலும் காசுள்ளவர்களின் பொழுதுபோக்கு. படகு கட்டக் கைதேர்ந்த தச்சர் வேண்டும், நல்ல மரம் வேண்டும், மாதக்கணக்கில் நாள் வேண்டும். சம்பளக்காரன் கரையில் நின்று வேடிக்கைதான் பார்க்க முடியும். ஆனால் போருக்குப் பிறகு இரண்டு பொருள்கள் நிலைமையை மாற்றத் தொடங்கியிருந்தன. ஒன்று, தண்ணீரில் பிரியாத ஒட்டுப்பலகை. இன்னொன்று, புதுவகைப் பசை. பாலிலிருந்து எடுக்கும் பழைய பசை ஈரத்தைத் தாங்காது. வேதிப்பொருளிலிருந்து செய்த புதிய பசைகள் தாங்கின. மரத்தால் செய்த 'மாஸ்கிட்டோ' போர் விமானத்துக்குப் பயன்பட்ட இந்தத் தொழில்நுட்பம், போர் முடிந்ததும் சாதாரண மனிதனின் கொல்லைப்புறக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது.

அந்தக் கொட்டகைக்காரர்களின் நாயகன் பாரி பக்னெல். பிபிசி தொலைக்காட்சியில் வீட்டு மராமத்து வேலைகளைச் செய்துகாட்டியவர். 1962இல் பாழடைந்து கிடந்த ஒரு வீட்டைத் தொடர் நிகழ்ச்சியாகவே சீரமைத்துக் காட்டினார். அவரைப் பார்த்துத்தான் பலர் முதன்முதலாகக் கையில் ரம்பத்தை எடுத்தார்கள். அவரைத் திட்டுகிறவர்களும் உண்டு. வேலைப்பாடுள்ள பழைய கதவுகள்மேல் வழவழப்பான அட்டைப்பலகையை அறைந்து மூடிவிடுங்கள் என்று சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். எத்தனையோ ஆசாரிகளின் வேலை அந்த அட்டைக்குள் மறைந்தது. அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "வெளங்கிரும்" என்று மட்டும் சொன்னார்.

அதே பக்னெல்தான் வீட்டில் கட்டக்கூடிய ஒரு படகை யோசித்தார். அதற்கு அவர் கையாண்ட முறை விசித்திரமானது. வழக்கமாகப் படகு கட்டும்போது முதலில் எலும்புக்கூடு செய்து, அதன்மேல் பலகையைப் பொருத்துவார்கள். இதில் எலும்புக்கூடே கிடையாது. ஒட்டுப்பலகையைக் குறிப்பிட்ட வடிவங்களில் வெட்டி, ஓரங்களில் சிறு துளைகள் போட்டு, செம்புக் கம்பித் துண்டுகளை நுழைத்து, குறட்டால் முறுக்கி இழுக்க வேண்டும். சட்டைத் துணியைத் தைப்பதுபோலத்தான். இழுக்க இழுக்கத் தட்டையாகக் கிடந்த பலகைகள் வளைந்து எழுந்து படகாகும். பிறகு தையல்மேல் கண்ணாடியிழை நாடாவைப் பிசினில் தோய்த்து ஒட்ட வேண்டும். பிசின் இறுகியதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை நறுக்கிவிடலாம். அதற்குமேல் படகைப் பிடித்துவைப்பது பிசின்தான். கம்பியின் வேலை, அதுவரைக்கும் வடிவத்தைக் காப்பது மட்டுமே.

பக்னெலோடு சேர்ந்தவர் ஜாக் ஹோல்ட். மரவேலையிலிருந்து படகு வடிவமைப்புக்கு வந்தவர். 1947இல் சிறுவர்களுக்காக 'கேடட்', 1956இல் 'எண்டர்பிரைஸ்' என்று எளிய படகுகளை ஏற்கெனவே வரைந்திருந்தார். உழைக்கும் மக்களின் பத்திரிகையாக அறியப்பட்ட 'டெய்லி மிரர்' இந்தப் புதிய படகுக்கு ஆதரவு கொடுத்தது. 1963இல் லண்டன் படகுக் கண்காட்சியில் அது அறிமுகமானது. பேர் 'மிரர்'. பத்திரிகையின் நிறத்திலேயே சிவப்புப் பாய். விலை 63 பவுண்டு 11 ஷில்லிங். ஒட்டுப்பலகையும் கம்பியும் பிசினும் பாயும் பெட்டியில் வந்துவிடும். நீளம் சுமார் 3.3 மீட்டர், எடை 45 கிலோ சொச்சம். கார் கூரையில் கட்டிக்கொண்டு போகலாம். பாய்மரத்தை இரண்டு துண்டாக யோசித்திருந்தார்கள், கழற்றினால் படகுக்குள்ளேயே அடங்கிவிடும். மூக்கு கூராக இல்லாமல் சப்பையாக இருக்கும். பார்க்கக் கொஞ்சம் அசடு மாதிரி. ஆனால் கூர் மூக்கில் பலகைகளைச் சேர்ப்பது கஷ்டம், சப்பையில் சுலபம். உள்ளே இடமும் கூடும்.

எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மிரர்கள் கட்டப்பட்டன. 1990களின் பிற்பகுதியில் சாண்டி மெக்கின்னன் என்ற ஆசிரியர், பழைய மிரர் ஒன்றில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு, ஆறுகளும் கால்வாய்களும் வழியாகக் கருங்கடல்வரைக்கும் போய்ச் சேர்ந்தார். வழியெல்லாம் ஒட்டுப்போட்டுத்தான். ஒட்டுப்பலகைப் படகு அப்படித்தான். வெட்டிய ஓரம் தண்ணீரைக் குடிக்கும், காற்றுப் புகாத அறைகளில் முதலில் அழுகும். கட்டியவருக்கு எங்கே எப்படி ஒட்டினோம் என்பது தெரியும் என்பதால் சரிசெய்யவும் தெரியும். கடையில் வாங்கிய படகில் அது வாய்க்காது.

சரி, பலகையைத் தைப்பது இங்கிலாந்தின் கண்டுபிடிப்பா? இல்லவே இல்லை. பழைய மெட்ராஸில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நிற்கும். அலையைக் கடந்து மனிதர்களையும் சரக்கையும் கரைசேர்த்தவை மசூலா படகுகள். ஆணி இல்லாமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டியவை. ஆணியடித்த படகை அலை தூக்கி மணலில் போட்டால் மூட்டு விட்டுப்போகும். தைத்த படகு கொஞ்சம் நெகிழ்ந்து கொடுத்து அடியை வாங்கிக்கொள்ளும். இங்கே தையல்தான் கடைசிவரை படகைத் தாங்கியது. மிரரில் அது சாரம் மாதிரி, வேலை முடிந்ததும் போய்விடும். இரண்டும் வேறு வேறு அறிவு.

இன்னொரு வட்டமும் உண்டு. 1980களில் இதே செம்புக் கம்பித் தையல் எங்கள் கரைக்கே வந்தது. கட்டுமரத்துக்கான பெருமரங்கள் கிடைப்பது அரிதாகி விலை ஏறிய காலம். முட்டத்தில் ஒட்டுப்பலகைப் படகுகளைக் கட்டினார்கள். அந்த முயற்சியை முன்னெடுத்த பெல்ஜியக்காரர் பியேர் ஜிலே, சிறிய படகுத் தொழில்நுட்பத்தைப் பரப்புவதில் பட்ட பாட்டை ஒரு நூலாகவே எழுதினார். அங்கே பொழுதுபோக்காக விளங்கியது, இங்கே வயிற்றுப்பாடு. அங்கே படகு கவிழ்ந்தால் நனைந்துபோய்ச் சிரிப்பார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அட்டையில் மிரர் மாதிரி ஒன்று வெட்டினேன். ஊசியில் நூல் கோத்துத் தைத்தேன். அடிப்பலகையும் பக்கப்பலகையும் சேரவில்லை. நடுவில் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. மறுபடி வெட்டினேன், இந்த முறை முதுகு முறுக்கிக்கொண்டது. ஒரு தாளைச் சுருட்டினால் குழலாகும், கூம்பாகும். கிண்ணமாக்க முடியாது. பலகையும் அப்படித்தான் ஒரு பக்கமாக வளையும், இரண்டு பக்கமாக வளையாது. எந்த ஓரத்தை எவ்வளவு வளைத்து வெட்டினால் எங்கே எழும் என்பது வெட்டுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். மிரர் பெட்டியில் வந்தது வெறும் பலகை இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஜாக் ஹோல்ட்டின் ஆயுள்கால அனுபவம் அந்த விளிம்புக் கோட்டில் இருந்தது. வீட்டில் கட்டியவர்கள் தச்சன் இல்லாமல் கட்டவில்லை. தச்சன் முன்னாடியே வந்து வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தான்.

ஆனால் எங்கப்பாவுக்கு இது ஆறுதலாகுமா? ஹோல்ட்டின் பெயர் நிலைத்தது. அப்பா செய்த கதவுகளில் எதிலும் அவர் பெயர் இல்லை. அலமாரிப் பெட்டியில் வந்த கோட்டை வரைந்தது யாரென்று எனக்கும் தெரியாது. இந்தக் கணக்கு எனக்கு இன்னும் நேராகவில்லை.

அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னலே இது?"

"படகுப்பா. பலவைய வளச்சு நூல் போட்டு இழுத்தா எழும்பி வரும்."

"ஆணி?"

"கெடயாது. தச்சதுதான்."

"தச்சதா?" கொஞ்சம் யோசித்தார். "அப்பம் அதுவும் தச்சு வேலைதான்" என்று சிரித்தார்.

பிறகு என் பென்சிலை வாங்கிக் காதில் செருகிக்கொண்டார். அட்டையைத் தரையில் விரித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, நான் வரைந்த கோட்டுக்குக் கால் விரற்கடை உள்ளே தள்ளி இன்னொரு கோடு போட்டார். அளவுகோல் கேட்கவில்லை. "இதுல வெட்டு" என்றார்.

வெட்டித் தைத்தேன். கடைசி முடிச்சை இழுத்ததும் வாய் மூடிக்கொண்டு படகு எழுந்து நின்றது.

அது இப்போது நான் முறுக்கிய அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களிடம், "கோடு நான் போட்டதாக்கும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.