பிரபஞ்ச அழகி முதல் தத்தெடுத்த தாய் வரை: சுஷ்மிதா சென்னின் திரைப்பயணமும் சமூகப் பங்களிப்பும்

1994-ஆம் ஆண்டு மே 21 அன்று பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் நடைபெற்ற போட்டியில் பிரபஞ்ச அழகிப் பட்டத்தை வென்றார் சுஷ்மிதா சென். இப்பட்டத்தைப் பெற்ற முதல் இந்தியரான அவருக்கு அப்போது வயது 18. திரைத்துறையில் அவர் அடைந்த புகழுக்கு இணையாக, திருமணமாகாத நிலையில் இரு பெண் குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்க்க அவர் எடுத்த முடிவும் இன்றுவரை பேசப்படுகிறது.

திரைப்பயணம்

1975 நவம்பர் 19-இல் ஹைதராபாதில் பிறந்த சுஷ்மிதா, 1996-இல் வெளியான 'தஸ்தக்' இந்தித் திரைப்படத்தின் மூலம் நடிகையாக அறிமுகமானார். அடுத்த ஆண்டே 'ரட்சகன்' படத்தில் நாகார்ஜுனாவுக்கு ஜோடியாக நடித்துத் தமிழ் ரசிகர்களுக்கும் அறிமுகமானார். 1999-இல் 'முதல்வன்' படத்தின் பாடல் ஒன்றிலும் தோன்றினார். அதே ஆண்டில் வெளியான 'பீவி நம்பர் 1' திரைப்படம் சிறந்த துணை நடிகைக்கான ஃபிலிம்ஃபேர் விருதை அவருக்குப் பெற்றுத் தந்தது. 2004-இல் ஷாருக் கானுடன் நடித்த 'மே ஹூன் நா' பெரும் வெற்றி பெற்றது.

நீண்ட இடைவெளிக்குப் பின், 2020-இல் 'ஆர்யா' இணையத் தொடரின் மூலம் அவர் மீண்டும் கவனம் ஈர்த்தார். கணவர் கொல்லப்பட்ட பின் தம் மூன்று பிள்ளைகளைக் காக்கப் போராடும் தாயாக அவர் நடித்த இத்தொடர், 2021-ஆம் ஆண்டு சர்வதேச எம்மி விருதுக்குச் சிறந்த நாடகத் தொடர் பிரிவில் பரிந்துரைக்கப்பட்டது.

தத்தெடுப்பும் சட்டமும்

2000-இல், தமது 24-ஆவது வயதில் முதல் மகளைத் தத்தெடுத்த சுஷ்மிதா, 2010-இல் இரண்டாவது மகளையும் தத்தெடுத்தார். திருமணமாகாத பெண் குழந்தை வளர்ப்பதைச் சமூகம் ஐயத்துடன் நோக்கிய காலம் அது. எனினும், 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டமே திருமணமாகாத இந்துப் பெண்ணுக்கு அந்த உரிமையை வழங்கியிருந்தது.

ஆனால், ஏற்கெனவே மகள் உள்ள ஒருவர் மற்றொரு பெண் குழந்தையைத் தத்தெடுக்க அச்சட்டம் அனுமதிப்பதில்லை. சிறார் நீதிச் சட்டத்தில் இத்தகைய தடை இல்லை. 2006-இல் அதில் மேற்கொள்ளப்பட்ட திருத்தம், திருமண நிலையைக் கருதாமல் தத்துக் கொடுக்க நீதிமன்றங்களுக்கு வழிவகுத்தது.

தற்போது நடைமுறையில் உள்ள 2022-ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி, தனித்து வாழும் பெண் ஆண் குழந்தையையோ பெண் குழந்தையையோ தத்தெடுக்கலாம். தனித்து வாழும் ஆண் பெண் குழந்தையைத் தத்தெடுக்க இயலாது. குழந்தைக்கும் பெற்றோருக்கும் இடையே குறைந்தது 25 ஆண்டு வயது வித்தியாசம் வேண்டும். 2 வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் தத்தெடுக்கும் தனிநபரின் வயது 40-ஐத் தாண்டக் கூடாது. மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். இறுதி ஆணையை மாவட்ட ஆட்சியர் பிறப்பிப்பார்.

திருநங்கையர் உரிமை

2023 ஆகஸ்ட் 15 அன்று வெளியான 'தாலி' இணையத் தொடரில், மும்பையைச் சேர்ந்த திருநங்கை செயற்பாட்டாளர் கௌரி சாவந்தின் வேடத்தை சுஷ்மிதா ஏற்றார். கௌரியும் ஒரு சிறுமியைத் தம் மகளாக ஏற்று வளர்த்தவர். திருநர்களை மூன்றாம் பாலினமாக அங்கீகரித்து 2014 ஏப்ரல் 15-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, இத்தொடரின் வழியே புதிய பார்வையாளர்களைச் சென்றடைந்தது. அதேவேளையில், திருநங்கை வேடத்தைத் திருநங்கை ஒருவருக்கே அளித்திருக்க வேண்டும் என்ற விமர்சனமும் எழுந்தது.

உடல்நலம்

தமக்கு மாரடைப்பு ஏற்பட்டதாகவும், ஆஞ்சியோபிளாஸ்டி சிகிச்சையில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டதாகவும் 2023 மார்ச் 2 அன்று அவர் சமூக வலைதளத்தில் அறிவித்தார். சிகிச்சைக்குப் பின் 'ஆர்யா' தொடரின் மூன்றாவது பருவத்தில் அவர் நடித்த காட்சிகள் அதே ஆண்டின் நவம்பரில் ஒளிபரப்பாகத் தொடங்கின.